‘வரேன்’ என்ற சொல்லுக்கு அர்த்தம்

செஞ்சி,
14-11-1967

அன்புள்ள தனகோட்டிக்கு,

கன்னியப்பன் எழுதுவது. பம்பாயில் உனக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. இங்கே மழை விடவில்லை. உன் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தேன், திடமாக இருக்கிறார்.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நான் விளங்கும்படி எழுதவில்லையோ என்று மறுபடி எழுதுகிறேன். நீ அக்கவுண்ட்ஸ்காரன், எங்கள் கம்ப்யூட்டர் அறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த மிஷினில் டிஸ்க்கில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் ஜில்லாக்களிலிருந்து வருகிற விளைச்சல் கணக்கைக் கொஞ்ச நேரம் மெமரியில் நிறுத்திவைத்து, பிறகு மொத்தமாக டிஸ்க்குக்கு அனுப்ப ஒரு புரோகிராம் உண்டு. அது என் பொறுப்பு. அவ்வப்போது கணக்கு நடுவில் தொலைந்தது. எங்கே என்று பிடிக்க, புரோகிராமின் ஒவ்வொரு பகுதியும் வேலையைத் தொடங்கும்போது ஒரு சொல்லும் முடிக்கும்போது ஒரு சொல்லும் அச்சடிக்கும்படி செய்தேன். நான் மட்டும் பார்க்கிற தாள்தானே என்று, ஆங்கில எழுத்தில் நம் பேச்சையே போட்டேன். நுழைந்தால் ‘வந்தேன்’. கிளம்பும்போது ‘போறேன்’ என்று போட எனக்குக் கை வரவில்லை. வாசல் தாண்டும்போது அப்படிச் சொன்னால் அம்மா விடுவாளா? “இன்னாடா பேச்சு இது, வரேன்னு சொல்லுடா” என்பாள். ‘வரேன்’ என்றே போட்டேன்.

நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது அந்தத் தாள் தலைமை அதிகாரி கையில் கிடைத்தது. உன்னைக் கூப்பிட்டு ‘வரேன்’ என்றால் என்ன என்று கேட்டார். வருகிறேன் என்று அர்த்தம் சொன்னாய். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. தாளில் அடிக்கடி வந்தது டிஸ்க்கில் எழுதும் பகுதிதான்; அது வெளியே போகாமல் திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது என்று அவர் முடிவுகட்டி, அதையே எடுத்துவிடச் சொன்னார். அப்புறம் டிஸ்க்குக்கு எதுவுமே போகவில்லை. மிஷினை நிறுத்திக் கிளப்பியதும் அன்றைக்கு வந்த விளைச்சல் கணக்கு மொத்தமும் அழிந்தது. பழி என்மேல். அலுவலகப் படி ஏறக் கூடாது என்று உத்தரவு. நான் எழுதிய விளக்கம் தப்பிக்கக் கட்டிய கதையாம். தமிழ் தெரிந்த இன்னொருவன் சொன்னால்தான் நம்புவார்கள். அந்தக் கட்டடத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

நைனா ஊராரிடம், “மிஷினு கெட்டுப்போச்சாம், ரிப்பேர் ஆவற வரிக்கும் புள்ளைக்கு லீவு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வேலை கிடைத்ததும் மூட்டை தூக்குவதை விட்டவர், மறுபடி மல்லாட்டை மண்டிக்குப் போகிறார். தடுக்க எனக்கு வாய் ஏது? எதற்குத்தான் படித்தேனோ என்று இருக்கிறது.

இருபத்துநாலாம் தேதி விசாரணை. நம் பக்கம் கிளம்பும்போதுதான் ‘வரேன்’ என்போம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அதே அதிகாரிதான் என்பது எனக்குத் தெரியும். அவர் தப்பை அவரிடமே சொல்வது லேசான காரியமில்லை. உன்னால் முடியாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத மனசு வரவில்லை. போய்ச் சொல், தனகோட்டி. சாமி உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

உன்
கன்னியப்பன்