குடிக்காமல் வைத்த காப்பி

உம்மா, உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஸலாம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஊரில் பேச்சு கிளம்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன். இங்கே டெட்ராய்ட்டில் நம் அரபுக்காரர்கள் நடத்தும் வானொலியில், என் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். காசா மேல் போடும் குண்டுக்கு ஆதரவாகக் கை தூக்கிய அரசியல்வாதிக்குத்தான் நம் கடைக்காரர்கள் விருந்து வைக்கிறார்கள் என்றேன். உடனே என்னை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டார்கள்.

மறுநாள் வானொலி முதலாளி அபூ ஷாஹிர், நம் கரக் ஊர்க்காரர்தான், இரண்டு பெரியவர்களோடு வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். நம் ஊர் வழக்கப்படி, கேட்டு வந்தது கிடைக்கும்வரை குடிப்பதில்லை என்று மூவரும் அதைக் கீழே வைத்தார்கள்.

"தப்பாப் பேசிட்டேன்னு வானொலியில ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. அப்பதான் குடிப்போம். விளம்பரம் குடுக்குற கடைக்காரனெல்லாம் ஓடுறான்."

"செத்த புள்ளைங்ககிட்ட யாரு மாமா மன்னிப்புக் கேக்குறது?"

"உங்க வாப்பா வீட்டுல எவனும் காப்பி குடிக்காம எழுந்து போனதில்ல, தெரியும்ல?"

தெரியும். ஆனாலும் முடியாது என்றேன். காப்பி ஆறியது. எழுந்து போய்விட்டார்கள். தெருவில் இப்போது ஒருவரும் ஸலாம் சொல்வதில்லை, அது கிடக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. போன கடிதத்தில் காப்பியில் போட நிறைய ஏலக்காய் கேட்டிருந்தேன். கொஞ்சம் அனுப்பினால் போதும் உம்மா. இனி நான் ஒருவன்தான் குடிப்பேன்.

உங்கள் மகன்,
சுஹைப்