பேசவும் என்று எழுதிய கோப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதறது. நானும் அம்மாவும் சாப்பிடறோம், நடக்கறோம், அந்த மட்டுக்கும் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்ல உடம்பைப் பார்த்துக்கிட்டு நல்லபடியா இருக்கணும். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, என்கிட்டதான் மூணு நாளா முகம் கொடுத்துப் பேசறதில்லை, தட்டை வைக்கிற சத்தத்துலயே எல்லாத்தையும் சொல்லிடறா. அன்னைக்கு நீ சொன்னதுக்குப் பதில் சொல்லாம போனை வெச்சுட்டேன்னு கோவிச்சுக்காதே. வாயால சொன்னா நடுவுல புகுந்து வாதாடுவே, உன்கிட்ட வாதாடி நான் எப்போ ஜெயிச்சிருக்கேன், அதான் எழுதறேன்.

கால்வாய் மேல இருந்த நடைபாலம் இடிஞ்சு ஒரு தையல்காரம்மா செத்துப்போனது உனக்குத் தெரியும். அதை உடனே மூடணும்னு எங்க இளநிலைப் பொறியாளர் ஏழு வாரத்துக்கு முன்னாடியே எனக்குக் கோப்பு அனுப்பியிருந்தான், ஒல்லியா நெட்டையா இருப்பான், ஆபீஸ்ல கொக்குன்னுதான் பேரு. நான் அதோட ஓரத்துல 'பேசவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். எங்க உத்தியோகத்துல இது ஒரு வித்தை பாப்பா. முடிவெடுக்க நேரம் இல்லையா, மனசு இல்லையா, அப்படி எழுதினா போதும், கோப்பு நம்ம மேஜையை விட்டுப் போயிடும், இனி வந்து விளக்கிச் சொல்றது அனுப்பினவன் பாடு. பாலத்தை மூடினா அக்கரை ஜனங்க மூணு கிலோமீட்டர் சுத்தணும், மறியல்னு உக்காருவாங்க, மேலே இருந்து போன் வரும், ஓய்வுக்கு அஞ்சு மாசம் இருக்கும்போது நமக்கு எதுக்கு வம்புன்னு நினைச்சேன். குமாஸ்தாவா சேர்ந்து பரீட்சை மேல பரீட்சை எழுதி இந்த நாற்காலிக்கு வந்தவன் நான், சாயங்காலம் ஆனா என் மேஜையில ஒரு காகிதம் இருக்காதுன்னு பேரு வாங்கினவன். நீ சின்னப் பிள்ளையா ஆபீசுக்கு வந்து பார்த்துட்டு, அப்பாவுக்கு வேலையே இல்லையான்னு கேட்டே, எனக்குப் பெருமை தாங்கலை.

இப்போ விசாரணையில என்ன சொல்றாங்கன்னா, அதிகாரி பேசச் சொல்லியும் கொக்கு வந்து பேசலை, தப்பு அவன் மேலதான்னு அவனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. நீயும் அதையேதான் சொன்னே, நீங்க எழுதினது எழுதினபடி இருக்கு, வாயை மூடிக்கிட்டு நிம்மதியா ரிட்டயர் ஆகுங்கப்பான்னு. ஆனா அவன் வந்தான் பாப்பா. மூணு தடவை வந்தான். என் ரூம் வாசல்ல பெஞ்சுல, பாலத்து விரிசலை போட்டோ எடுத்து கவர்ல போட்டு மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். முதல் நாள் எனக்குக் கூட்டம், ரெண்டாவது நாள் மந்திரி வந்திருந்தாரு, மூணாவது நாள் ஒண்ணுமே இல்லை, பல் டாக்டர்கிட்ட போகணும்னு கிளம்பிட்டேன். அவன் எழுந்து நின்னு வணக்கம் வெச்சான், நான் தலையை ஆட்டிட்டு கார்ல ஏறிட்டேன். இதையெல்லாம் அவன் விசாரணையில சொல்லியிருக்கான், ஆதாரம் கேட்டாங்களாம், அவன்கிட்ட என்ன இருக்கும். வந்தவங்க பேரு எழுதற சீட்டை தினமும் கிழிச்சுப் போட்டுடுவோம். வாசல்ல நிக்கற ஆள் எனக்கு ஞாபகம் இல்லைங்கன்னுட்டாரு, என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாரு.

அதனால மூணு நாளைக்கு முன்னாடி காலையில நானே எழுதிக் கொடுத்துட்டேன், மூணு முறை வந்தான், நான்தான் பார்க்கலைன்னு. இனி வழியனுப்பு விழா எல்லாம் கிடையாது, என்னையும் சஸ்பெண்ட் பண்ணுவாங்க, வழக்கும் வரலாம்னு வக்கீல் சொல்றாரு. அம்மா கோபம் அதுக்குத்தான், அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

அங்கேயிருந்து நேரா அந்தத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். ஒரே ரூம், ஜன்னலோரமா மிஷின், பாதி தைச்ச ஸ்கூல் யூனிஃபார்ம் அப்படியே ஊசியில மாட்டிக்கிட்டு இருக்கு, யாருக்கும் எடுக்க மனசு வரலை போல. வீட்டுக்காரர் லாரியில மூட்டை ஏத்தறவர், பெரிய ஆபீசர் வந்திருக்காருன்னு பதறிப்போய் மிஷின் ஸ்டூலைத் துண்டால துடைச்சு எனக்குப் போட்டாரு. அந்தம்மா உக்காந்து தைச்ச ஸ்டூல் அது, என்னால உக்கார முடியலை, நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பாருன்னு நினைச்சேன், அடிச்சிருந்தா தேவலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, ஐயா, அந்தக் காகிதத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டீங்களா, படிச்சுட்டுப் போட்டீங்களான்னு. வேலை மும்முரத்துல படிக்கலைன்னு சொல்லியிருந்தா அவரு என்னை மன்னிச்சிருப்பாரு, அதுக்காகத்தான் கேட்டாருன்னு முகத்துலயே தெரிஞ்சுது. படிச்சேன்னு சொன்னேன். நெஞ்சு உடைஞ்சு போயிருக்கு பாப்பா, வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன்னே தெரியலை.

நீ லீவு போட்டுட்டு ஓடி வரவேண்டாம். அம்மாகிட்ட தினமும் பேசு, அவ என்னைத் திட்டினா நடுவுல சமாதானம் சொல்லாதே, கொட்டித் தீர்க்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், நீங்க ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஒண்ணை மட்டும் மறந்துடாதே, அங்கே யாராவது அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா ரிட்டயர் ஆகிட்டாருன்னு மழுப்பிடாதே, நடந்ததை நடந்தபடி சொல்லு. எனக்காக நீயும் ஒரு பொய் சொன்னேன்னா அதை என்னால தாங்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா