வாசிச்சேன் அத்தை

கீழ்ப்பிரிவு லயம்,
றக்வான.
மே மாதம் 3ஆம் திகதி

அன்புள்ள நிரோஷாவுக்கு,

விஜயகலா எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் நம் வழக்கம். இந்தக் கடிதத்தில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இருக்க வேண்டும். நீ வேலை செய்கிற வீட்டுக்காரி இப்போதாவது உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாளா?

வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கிவிடுகிறாய், நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. அப்துல் ரஸாக் நானாவின் மகள் ஸபியா வருகிற புதன்கிழமை குவைத்துக்கு வேலைக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவும் உன் மகள் கேஷானியும் நீ நினைக்கிற இடத்தில் இல்லை. எங்கள் கிறிஸ்தவச் சபை அவர்களுக்கு எந்த வீடும் கொடுக்கவில்லை. மார்கழியில் இருந்து அவர்கள் பழைய மேல் லயத்தில், சுவர் வெடித்த அதே மூன்றாம் காம்பராவில்தான் இருக்கிறார்கள். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், நான் அத்தை என்று கூப்பிடுகிற உன் அம்மா பீலிக்கரைக்கு வந்து நின்று பேசுவார். அங்கே தண்ணீரும் தேயிலையும்தான் தெரியும், சுவர் தெரியாது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று உன்னிடம் சொன்னாராம். மூன்றாம் காம்பராவில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று கேட்பாய். என்னால் நடந்தது.

கார்த்திகையில் அந்தப் பெருமழை பெய்தபோது மேல் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது உனக்குத் தெரியும். அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பதினொரு குடும்பத்தையும் எங்கள் சபை மண்டபத்தில் தங்க வைத்தோம். சாவி என்னிடம் இருந்தது, நான்தான் கதவைத் திறந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. ஈரச் சேலையோடு வந்த பொம்பளைகளுக்கு என் வீட்டில் இருந்த அத்தனை துணியையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் நானும் என் வீட்டுக்காரர் கிருஷ்ணகுமாரும் பருப்பும் சோறும் ஆக்கிப் போட்டோம். உன் அம்மாவின் கால் புண்ணை நான்தான் தினமும் உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினேன். சீனி வருத்தக்காரர் கால், கொஞ்சம் விட்டால் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து பயந்து பார்த்தேன். இதெல்லாம் பொய் இல்லை நிரோ. ஆனால் இதை வைத்து என்னை நல்லவள் என்று எண்ணிவிடாதே, மிச்சத்தையும் வாசி.

இரண்டாவது வாரம் கொழும்பில் இருந்து சபைக்காரர்கள் வந்தார்கள். "அன்பின் கரம்" என்று ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். அரிசிப் பொதி கொடுக்கும்போது, பொதியைக் கொஞ்சம் மேலே பிடியுங்கள், எழுத்துத் தெரியவில்லை என்று படம் பிடிக்கிறவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சனங்களும் பிடித்தார்கள். நான் உன் அம்மாவின் காலைக் கழுவுவதையும் எடுத்தார்கள். ஒரு தடவை கழுவி முடித்து, வெளிச்சம் போதவில்லை என்று மறுபடியும் கழுவச் சொன்னார்கள். நானும் கழுவினேன். இந்த வருடத்துக் கலண்டரில் ஜனவரிப் பக்கம் அந்தப் படம்தான். நீ கூட அதைப் பார்த்து அழுததாகச் சொன்னாய்.

நத்தார் நெருங்கியது. மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், கரோல் ஆராதனைக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அனர்த்தத்தில் வந்த சனங்களைச் சபை வெளியே போகச் சொல்லியது என்று யாரும் பேசிவிடக்கூடாது அல்லவா? அதுதான் கவலை. சபைச் செயலாளர் கஜேந்திரனை உனக்குத் தெரியும், பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். அவர் ஒரு கடிதத்தைச் சிங்களத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்தார். காணி வீடு கேட்டு கிராம சேவகருக்கு எழுதியது, பதினொரு குடும்பமும் கையெழுத்து வைத்தால் வேலை சுருக்காக நடக்கும் என்றார். "நீங்க சொன்னா வைப்பாங்க சிஸ்டர்" என்றார்.

உனக்குத் தெரியும், சிங்களம் பேசுவதில் இந்தத் தோட்டத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. வாரச் சந்தைப் பொலவில் மரக்கறிக்காரனோடு சண்டை பிடிப்பேன், கலவான ஆஸ்பத்திரியில் நர்ஸ்மாரோடு வாதாடுவேன். யாருக்கு எந்த அரசாங்கக் கந்தோரில் வேலை என்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாது. நீயும் நானும் ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில்தானே படித்தோம், யார் நமக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு அது முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரிதான் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சைக் கேட்டு எல்லோரும் எனக்கு வாசிக்கவும் தெரியும் என்று நினைத்தார்கள், நானும் நினைக்க விட்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பாயில் இருந்தவர்களிடம் போனேன். யாரும் முதலில் வைக்கவில்லை. எல்லோரும் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பேனையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ வாசிச்சியா புள்ள?"

"வாசிச்சேன் அத்தை" என்றேன்.

நிரோ, யாரும் என்னை மிரட்டவில்லை. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யாரையாவது கூட்டி வந்து வாசித்திருப்போம். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உன் அம்மா கையெழுத்து வைத்தார். பிறகு மற்றப் பத்துப் பேரும் வரிசையாக வைத்தார்கள்.

நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது, கொஞ்ச நாளைக்கு லயத்துக்குப் போய் இருங்கள், காணி வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் நான்தான் நல்ல வார்த்தையில் சொன்னேன். அவர்கள் போன பிறகு மண்டபத்தைக் கழுவிப் பூட்டினேன்.

மாசியில் காணிப் பட்டியல் வந்தது. அடுத்த பிரிவில் இருந்து ஒன்பது குடும்பத்தின் பெயர் இருந்தது. நம் பதினொன்றில் ஒன்றும் இல்லை. உன் அம்மா அந்தக் காலோடு இன்ஷாப்பின் ஆட்டோவில் கந்தோருக்குப் போனார், நானும் கூடப் போனேன். கிராம சேவகர் அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். இன்ஷாப் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். எங்கள் வீடுகளைத் திருத்திக்கொண்டோம், எங்கள் சொந்த விருப்பத்தில் திரும்பிப் போகிறோம், எங்களுக்கு மாற்றிடம் தேவையில்லை, சபையார் செய்த உதவிக்கு நன்றி. இவ்வளவுதான் இருந்தது. கீழே முதல் கையெழுத்து உன் அம்மாவுடையது, மருதாயி.

அத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இன்ஷாப் வாசித்தான். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. வரும் வழியெல்லாம் அந்தப் புண் காலைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். லயத்தடியில் இறங்கும்போது, நிரோஷாவிடம் ஒன்றும் சொல்லாதே, பிறத்தியார் வீட்டில் வேலை செய்கிற பிள்ளை நிம்மதியாகச் செய்யட்டும் என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லையும் இப்போது மீறுகிறேன்.

கஜேந்திரனிடம் போய்க் கத்தினேன். சபைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன், காணி எப்படியும் கிடைக்கும் என்று நினைத்தேன் என்றார். தேநீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். பாஸ்டர் என்னை உட்கார வைத்து, இதைப் பெரிதாக்க வேண்டாம், ஜெபிப்போம் என்றார். ஜெபித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் அந்தக் கலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்குப் போனேன். வாசிக்கத் தெரியாமல் வாசித்தேன் என்று பொய் சொல்லிப் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஷாப்தான் எழுதினான். அவனை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் முன்பின் தெரியாத ஒரு சிங்கள அம்மாவிடமும் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். அவர் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்து, "பவ், நங்கி" என்றார், பாவம் தங்கச்சி என்று. என்மேல் இரக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான், அவருக்கு என் பெயர் கூடத் தெரியாது. அதிகாரி, மறுபடி வந்து பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார். இன்றுவரை யாரும் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நிற்கிறேன்.

சபையில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கியத்தில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. கிருஷ்ணகுமார் மட்டும், போனால் போகிறது, நீ செய்ததைச் சொன்னாய் என்றார். அவரும் அதிகம் பேசுவதில்லை.

சித்திரை வருடப்பிறப்பன்று நீ அனுப்பிய குரல் செய்தியைப் பத்துத் தடவை கேட்டிருப்பேன். "ஒங்க சாமியத்தான் இனி நானும் கும்புடப் போறேன் விஜி, ஒங்கள மாதிரி ஆளுங்கள வச்சிருக்கிற சாமி" என்றாய். என்னைப் பார்த்தோ அந்தக் கலண்டரைப் பார்த்தோ வராதே. இயேசுவின்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அவர் யாரையும் இரண்டு தடவை கழுவச் சொல்லிப் படம் எடுக்கவில்லை. அவரைத் தேடித்தான் வருகிறாய் என்றால் வா. இல்லையென்றால் உன் அம்மா கும்பிடுகிற மாரியம்மனையே கும்பிடு. நன்றிக்கென்று நீ அனுப்பிய சேலையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது நான் எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். மறுபடியும் மழைக்காலம் தொடங்கிவிட்டது. போன கிழமை மூன்று நாள் விடாமல் ஊற்றியது. மழை கறுத்தாலே மற்றப் பத்துக் குடும்பமும் ஓடைக்கு அந்தப் பக்கம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளை மடுவத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு எண்பது படி ஏற வேண்டும், உன் அம்மாவால் ஏற முடியாது. கேஷானியும் அம்மாச்சியை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்கிறாள். என் வீடு சமதரையில் இருக்கிறது, மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம். ஒவ்வொரு மழைக்கும் நான் குடையோடு மூன்றாம் காம்பரா வாசலில் போய் நிற்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அத்தை கதவைத் திறந்து, "ஒன் வூட்டுக்கு வர்றதுக்கும் எங்கயாச்சும் கையெழுத்து வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தச் சுவர் அத்தையின் கோபத்தைப் பார்த்துக் காத்திருக்காது. பின்சுவரில் வெடிப்பு இருக்கிற இடத்தில் கேஷானி அந்தக் கலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறாள். அம்மாச்சியின் படம் இருக்கிறது என்பதால் ஜனவரியைக் கிழிக்கவே இல்லை. தொங்கவிட்ட புதிதில் வெடிப்பு முழுவதும் அதற்குள் மறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கதவு மூடுவதற்குள் பார்த்தேன், கலண்டருக்குக் கீழே ஒரு சாண் வெளியே வந்துவிட்டது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இனி என்னோடு பேசாவிட்டாலும் ஏன் என்று நான் கேட்கமாட்டேன். மன்னிக்கவும் அவசரப்படாதே. ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அத்தைக்குப் போன் எடு. மழை வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வரச் சொல். நான் இருக்கிற இடத்துக்கு வரப் பிடிக்காவிட்டால் நானும் கிருஷ்ணகுமாரும் பிள்ளை மடுவத்துக்குப் போய்விடுகிறோம், வீட்டை அவர்கள் பூட்டிக்கொண்டு இருக்கட்டும். சாவியை வாசல்படியிலேயே வைத்துவிடுகிறேன். கால் புண் மறுபடி வாய் வைத்திருக்கிறது என்று கேஷானி சொன்னாள், என்னைத் தொட விடாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்காவது போகச் சொல்.

கர்த்தர் உன்னை அந்த வீட்டில் பத்திரமாக வைத்து, நல்லபடியாகத் திருப்பிக் கொண்டுவந்து உன் பிள்ளையிடம் சேர்க்கட்டும். இதை மட்டும்தான் இப்போது அவரிடம் கேட்கிறேன். வீடு பத்திரமான இடத்தில் இருக்கிறது, வாங்க என்று உன் அம்மாவிடம் நீ சொல். நான் சொன்னால், நீ பார்த்தாயா என்று கேட்பார்.

இப்படிக்கு,
விஜயகலா