செல்வி கொடுத்த தீர்த்தம்

ஆடி வெள்ளி, இரவு.

தூக்கம் வரவில்லை. காலையில் ஃபவுண்டரியில் என்னோடு வேலை செய்யும் பாபுவின் கால் வெந்துவிட்டது. உருகிய இரும்பைப் பிடிக்கும் லேடிலில் துளி ஈரம் இருந்தாலும் இரும்பு வெடித்துச் சிதறும். அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் காயவைத்த லேடிலுக்குள் திருவேற்காட்டுத் தீர்த்தத்தைத் தெளித்துக் கும்பிட்டிருக்கிறான். நான் பார்த்துக் கத்துவதற்குள் இரும்பு இறங்கிவிட்டது. காலுக்குக் கவசமும் இல்லை. முதலாளியிடம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாலை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி தீர்த்தம் இன்னா பண்ணப் போவுதுன்னு நெனச்சேண்ணா. செல்விதான் குடுத்தனுப்புனா. அவளாண்ட மட்டும் சொல்லிடாதே."

வெளியே அவன் மனைவி செல்வி நின்றிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"காலோட போச்சேண்ணா. கண்ணு தப்பிச்சுது. அந்தத் தீர்த்தம்தான் காப்பாத்திச்சு. இந்தா, நீயும் தெளிச்சிக்கோ."

பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன்.

இதோ, மேசைமேல் இருக்கிறது. கொட்டவும் மனம் வரவில்லை. நாளை பாபுவுக்குப் பதிலாக லேடில் பிடிக்கப் போவது நான்தான்.