ஆடிட்டர் முன்னால் நீங்கள் சொன்ன பதில்

அக்கா,

பீரோவைத் துடைக்கும்போது மேல்தட்டிலிருந்து ஒற்றைச் செருப்பு ஒன்று விழுந்தது. நாம் முதன்முதலில் வரைந்து அனுப்பிய மாடல். வெளிநாட்டுக்காரர்கள் சரி என்று சொன்ன சந்தோஷத்தில், தெரிந்த பட்டறையில் தைத்து வாங்கி எனக்குக் கொடுத்தீர்கள். கம்பெனியில் மாதிரி காட்ட ஒரு கால் செருப்பு மட்டும்தானே தைப்போம், அதே பழக்கம். இன்னும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம் போகவில்லை. முகர்ந்ததும் கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது. உங்களை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

ஆம்பூர் செருப்புக் கம்பெனியில், மாடல் வரைகிற பேட்டர்ன் செக்‌ஷனில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்த வேலையை விட்டுவிட்டு, வேலூரில் உங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு, செருப்பு மாடல் வரைந்து வெளிநாட்டுக்கு இன்டர்நெட்டில் அனுப்பலாம் என்றீர்கள். நான் வரைவேன். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் மெயில் எல்லாம் நீங்கள். திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன், "எங்க ரெண்டு பேரு கையையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று கண்ணை மூடி ஜெபிப்பீர்கள்.

வருமானம் ஜாஸ்தியானதும் வரிக் கணக்கு காட்டவேண்டும் என்று பேங்கில் சொன்னார்கள். ஆடிட்டரிடம் போனோம். வழியெல்லாம் "பார்ட்னர்ஷிப்னே போட்டுக்கலாம்டி" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். ஆடிட்டர் நல்ல மனுஷர்.

"பார்ட்னர்ஷிப்னா மொத ரூபாயிலிருந்தே வரி வந்துரும்மா. ரெண்டு பேரும் அவங்கவங்க பேர்ல தனித்தனியா பில் அனுப்புங்க, தனித்தனியா கணக்கு காட்டுங்க. ஆளுக்கொரு வரிவிலக்கு கிடைக்கும்" என்றார்.

நான் தலையாட்டப் போனேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேணாம் சார். எல்லாம் என் பேர்லயே இருக்கட்டும். இவ நம்மகிட்ட வேலை செய்ற பொண்ணு."

டீ கொண்டுவந்து வைத்தார்கள். எடுத்துக் குடித்தேன்.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "கோச்சிக்கினியா? சும்மா பேருக்குத்தானேடி. பணத்துல உனுக்கு இன்னா கொறைச்சல்?"

குறைச்சல் இல்லைதான் அக்கா. பாதியைச் சரியாகக் கொடுத்தீர்கள், அதனாலேயே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் பேரில் பில் போனால், வரைகிறவள் யார் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அதை மறைக்க வரிகூட அதிகமாகக் கட்டத் தயாராக இருந்தீர்கள் என்பது எனக்குப் புரிய நாளானது.

நீங்கள் திடீரென்று போன பிறகு, இனி நானே வரைந்து தருகிறேன் என்று, தெரிந்தவரை விட்டு அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் எழுதச் சொன்னேன். பதில் வந்தது. மாடல் எல்லாம் அந்த அம்மா வரைந்தது, அவரிடம் வேலை பார்த்தவர்களை நம்பி ஆர்டர் தர முடியாது என்று. நான் இழுத்த கோட்டை உங்களுடையது என்று என்னிடமே சொன்னார்கள். உங்கள் அடக்கத்தன்று அழுததைவிட அன்றைக்கு ஜாஸ்தி அழுதேன். இதற்குத் துரோகம் என்று பேர் வைக்காமல் வேறு என்ன வைப்பது?

இப்போது வேறு கம்பெனிக்கு வரைகிறேன். அதே ஆடிட்டர்தான். "யார் பேர்லம்மா?" என்று கேட்டார். தேவைக்கு மேல் சத்தமாக என் பேரைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை ஜெபம் மட்டும் மாறவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தாலும் "எங்க ரெண்டு பேரு கையையும்" என்றுதான் வாய் தொடங்குகிறது. பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஆண்டவரிடம் வாரம் தவறாமல் சொன்னதை, ஆடிட்டரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே அக்கா.