தொண்ணூறு நாள் கையிருப்பு

மார்ச் 4
தேசியக் கனிமக் கொள்கையின் வரைவு இன்றும் திரும்பி வந்தது. ‘முக்கியக் கனிமங்கள்’ என்பதா, ‘இன்றியமையாக் கனிமங்கள்’ என்பதா என்று இரண்டு மணி நேர விவாதம். எந்தச் சொல்லைப் போட்டாலும் பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் வெளிநாட்டுக் கப்பலில்தான் வந்தாக வேண்டும். என் கையிருப்பு அட்டவணையை மட்டும் யாரும் தொடவில்லை: இறக்குமதி நின்றாலும் கோபால்ட் தொண்ணூறு நாள் தாங்கும். கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 9
பேட்டரித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை போன் செய்தாள். “கொள்கையே எங்க அக்காதான் எழுதுறான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.” ஓர் அட்டவணைக்கு இவ்வளவு தம்பட்டம்!

மார்ச் 12
கொள்கைப் புத்தகத்தின் அட்டைப் படத்துக்காகக் கோபால்ட் கிடங்குக்குப் போனேன். கிடங்குக்காரர் ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினார். “இதுல பத்துல ஒரு பங்குதாம்மா உலோகம் தேறும். மிச்சமெல்லாம் கழிவு.” மூட்டை எடையை அல்லவா உலோகக் கணக்கில் போட்டிருக்கிறேன்! தொண்ணூறு இல்லை. ஒன்பது நாள்.

மார்ச் 13
எங்கள் துறை இயக்குநரிடம் சொன்னேன். “அச்சுக்குப் போயாச்சு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். வாயத் தொறக்காதீங்க.” அடுத்த பதிப்பு ஐந்து வருடம் கழித்து.

மார்ச் 16
தொண்ணூறு நாளுக்குத்தான் இருக்கிறதே என்று கோபால்ட் வாங்க இன்னொரு நாட்டுடன் போடவிருந்த புதிய ஒப்பந்தத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளப் போகிறார்களாம். என் அட்டவணையை நம்பி! இப்போது அனுப்பும் பழைய நாடு நிறுத்தினால் பத்தாம் நாள் தங்கையின் தொழிற்சாலைக்குப் பூட்டு. சொன்னா என் வேலை போகும், சொல்லலைன்னா அவ வேலை போகும் — என்னடி பண்ணப் போற?

மார்ச் 17
மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

மார்ச் 18
நான்காவதைக் கிழிக்கவில்லை. ‘தவறு என்னுடையது’ என்று கையெழுத்துப் போட்டு அமைச்சர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் இயக்குநர். “சொன்னேனே சார்,” என்றேன்.

மார்ச் 23
வெளியீடு தள்ளிவைப்பு. எனக்குத் தபால் பிரிவுக்கு மாற்றல்.

செப்டம்பர் 3
பழைய நாடு கோபால்ட் அனுப்புவதை நிறுத்தி இன்றோடு பதினைந்து நாள். ஏப்ரலில் கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தின் இரண்டாவது கப்பல் நேற்று வந்தது. கொள்கையும் இன்று வெளியானது. எழுதியவர்கள் பட்டியலில் இயக்குநர் பெயர்தான் முதலில்.

காலையிலேயே தங்கை போன் செய்து ஒரே சண்டை. “உன் பேரையே காணோமே அக்கா! இத்தனை நாள் என்னதான் பண்ணிட்டிருந்த?” ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு என்று விரட்டினேன்.