ஜீப்புக்கு அடித்த சல்யூட்

ஆனி 20, வெள்ளிக்கிழமை. நல்ல சாரல்.

இன்று மகளைப் பெண் பார்க்க வடகரையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். நான் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் நின்ற நம் ஜீப்பைக் காட்டி அளந்துவிட்டேன்.

"சண்டைக்குன்னே கண்டுபிடிச்ச வண்டிதானே ஜீப்பு! நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இது சண்டைக்கே போயிட்டு வந்தது. இதுல நான் தேனருவி உச்சிக்கே ஏறியிருக்கேன்!"

செங்கோட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்காரரிடம் அப்பா இந்த ஜீப்பை வாங்கினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேனருவிக்கோ மலையில் நடந்துதான் போக முடியும்.

மனுஷன் உடனே பானெட்டைத் தூக்கி, உள்பக்கம் சாவியால் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். நான் அடித்த சிவப்புக்குக் கீழே பட்டாளப் பச்சை தெரிந்தது. அதில் வெள்ளையாகப் பாதி நம்பர் வேறு!

அவர் விறைப்பாக நின்று ஜீப்புக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"அண்ணாச்சி, பட்டாளத்து வண்டியேதான். பொய் பேசாத வீட்டுல பொண்ணு எடுக்குதோம். அது போதும் எங்களுக்கு."

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரி பயந்துவிட்டாள்.

"ஏங்க, வாயே திறக்க மாட்டேங்கிய? நெஞ்சு கிஞ்சு வலிக்கா?"